நான் கொடுத்த கூரை

எனக்கு வாய் அதிகம். எங்கள் ஊர் பள்ளங்கியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மினி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரில் தொடங்கி, பின்சீட்டில் பால் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்வரை எல்லாரிடமும் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். எந்தக் கடையில் உளுந்து புழுத்திருக்கிறது, யார் வீட்டு நாய் கடிக்கும், கேரட்டுக்கு எந்த மருந்தை அடிக்கக் கூடாது, எல்லாம் என்னிடம் உண்டு. கேட்காமலே சொல்வேன். "இவகிட்ட ஒரு சேதியச் சொன்னா ஊருக்குத் தண்டோரா போடுற செலவு மிச்சம்" என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட நான், சொல்லியே ஆக வேண்டிய ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி இத்தனை வருஷமாக வெளியாள் யாரிடமும் பேசியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. அந்த வருஷ லீவில் பழைய டைனிங் ஹாலின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். வேலை தொடங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு ஆங்கிலத் தாளைக் கொடுத்து, வேலையாட்களுக்காகத் தமிழில் எழுதச் சொன்னார்கள். நான் அகராதியெல்லாம் பார்த்து 'கல்நார்க் கூரைத் தகடுகளை அகற்றும் முறை' என்று தலைப்புப் போட்டு அழகாக அடித்துக் கொடுத்தேன். வந்த மேஸ்திரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அது என்னம்மா கல்நாரு?" என்று கேட்டார். "நம்ம சிமெண்ட் ஷீட்டுதான்" என்றேன். "அதச் சொல்லுங்க மொதல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தாளில் இருந்ததை இன்றும் என்னால் பார்க்காமல் சொல்ல முடியும். ஷீட்டை உடைக்காதே, அறுக்காதே, காய்ந்த ஷீட்டைத் தேய்க்காதே. தண்ணீர் அடித்து நனைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. அதன் தூள் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வந்த நோய் பல வருஷம் கழித்துத்தான் வெளியே தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. எடுத்த ஷீட்டை யாருக்கும் கொடுக்கக் கூடாது, பிளாஸ்டிக்கில் சுற்றி ஆழமாகப் புதைக்க வேண்டும். இதையெல்லாம் அடித்து முடித்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரையும் அதே ஷீட்டுதான்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பனிக்காலம் வந்தால் வீசிங் வந்துவிடும். இராத்திரி முழுக்கப் பூனை கத்துகிற மாதிரி நெஞ்சுக்குள் சத்தம் கேட்கும். டாக்டரிடம் கேட்டேன். ஷீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குளிரும் அடுப்புப் புகையும்தான் காரணம் என்று தெளிவாகவே சொன்னார். என் மனசுதான் கேட்கவில்லை. படுத்தால் கண் கூரையைப் பார்க்கும், அதிலிருந்து என்னவோ உதிர்வதாகத் தோன்றும். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கொடைக்கானல்ல பாதிப் பேரு இதுக்குக் கீழதான்டி படுத்து எந்திரிக்கிறான்!" என்றார். பாதிப் பேர் படுத்தால் எனக்கென்ன, என் பிள்ளை படுக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் பஜாரில் பாய் கடையில் சொல்லிவைத்து, பச்சைக் கலர் தகரம் வாங்கி வந்தார்.

தை முடிந்து பனி விட்டு, நல்ல வெயில் தொடங்கிய நேரம். பள்ளிக்கூடத்தில் வேலை செய்த அதே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மகளை மலைக்குக் கீழே பாலசமுத்திரத்தில் என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், வேலை முடிந்து வீடு கழுவிய பிறகுதான் வர வேண்டும் என்று. ஹோஸ் பிடித்து நானே கூரையை நனைத்தேன். ஆட்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு ஷீட்டுகூட உடையாமல் இறக்கி, வேலியோரமாக அடுக்கினார்கள். தாளில் இருந்தபடி எழுத்துப் பிசகாமல் செய்தேன். எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

புதைக்கிற விஷயம்தான் மீதி. எங்கள் பூண்டுக் காட்டு மூலையில் குழி தோண்டத் தொடங்கி, இடுப்பளவு போவதற்குள் பாறை தட்டிவிட்டது. வேறு இடத்தில் தோண்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் எரிச்சலில் இருந்தார். அன்றைக்குத்தான் அவள் வந்தாள்.

அவள் எங்கள் பூண்டுக் காட்டில் வேலை செய்பவள். சிறுபிள்ளையாக இருக்கும்போது சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து, எங்கெங்கோ கிடந்து, கடைசியில் மலைக்கு வேலை தேடி வந்த குடும்பம். என்னைவிட ஆறேழு வயது இளையவள். வேலைக்கு வந்தவள் என்று பெயர்தானே தவிர, நானும் அவளும் ஒரு பேச்சைத் தொடங்கினால் இரண்டு பாத்தி களை போவது தெரியாது. அவளும் லேசுப்பட்ட வாய் இல்லை. எங்கள் காட்டுக்குக் கீழே சரிவில் மண்சுவர் வைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டிக் குடியிருந்தார்கள். ஐப்பசி கார்த்திகையில் அந்த வீட்டில் ஒழுகாத இடம் அடுப்பு மேடை ஒன்றுதான். அவளும் புருஷனும் மகளும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தே விடிய வைப்பார்கள். அந்த மகளுக்கும் என் மகளின் வயதுதான்.

வேலியோரம் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த ஷீட்ட என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"பொதைக்கப் போறோம்."

"பொதைக்கவா? ஆத்தாடி! நல்லாத்தானே கெடக்கு. ஒரு விரிசல் இல்ல. இதப் போயி யாராச்சும் பொதைப்பாங்களா?" என்றவள், கொஞ்சம் குரலை இறக்கினாள். "எனக்குக் குடுங்களேன்க்கா."

நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். அடுத்த நொடி, நான் சொல்லப்போவது என் காதிலேயே எப்படி விழும் என்று தோன்றிவிட்டது. என் வீட்டுக் கூரையில் புதுத் தகரம் பளபளக்கிறது. நல்ல ஷீட்டு முப்பது பக்கத்தில் கிடக்கிறது. எதிரே நிற்கிறவள் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறவள். அவளிடம் போய், 'இது நெஞ்சுக்கு ஆகாது, கண்ணுக்குத் தெரியாத தூள் இருக்கிறது' என்றால் நம்புவாளா? கொடுக்க மனசில்லாமல் கதை விடுகிறாள் என்றுதானே நினைப்பாள்? எங்கள் பக்கத்தில் வீட்டில் எதைப் பிரித்தாலும், பழைய கதவு நிலையோ ஜன்னலோ, நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்குத்தான் முதலில் போகும். அதைக் கொடுக்காமல் மண்ணில் போட்டு மூடுகிறவளை என்ன சொல்வார்கள்? கஞ்சம் என்று பெயர் வாங்க எனக்குப் பயம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குழி தோண்டுகிற தொல்லை விட்டது என்றும் இருந்தது.

"எடுத்துக்கத்தா" என்றேன்.

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும், நல்லது செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். எனக்கு நானே பதிலும் தயார் செய்துவிட்டேன். ஊரே இதற்குக் கீழேதான் இருக்கிறது. மேலே போட்ட பிறகு அது பாட்டுக்குக் கிடக்கப்போகிறது. அறுத்தால்தானே, தேய்த்தால்தானே ஆபத்து? நல்லா இருக்கிறதே நியாயம்! முந்தின வாரம் முழுக்க என் வீட்டுக்காரரிடம் நான் பேசியதென்ன, இப்போது பேசுகிறதென்ன!

அவள் புருஷனும், பேத்துப்பாறையில் இருந்து வந்த கொழுந்தனும் இரண்டு நாளில் எல்லாவற்றையும் தலைச்சுமையாகக் கீழே கொண்டுபோனார்கள். மேலே போடுவார்கள் என்று பார்த்தால் போடவில்லை. முற்றத்தில் ஒவ்வொன்றாகச் சாய்த்து வெயிலில் காய வைத்தாள். எங்கள் ஊர் ஷீட்டில் பாசி தடித்துப் போய் விரல் பருமனுக்கு இருக்கும். ஈரத்தில் தேய்த்தால் கொழகொழவென்று அப்பிக்கொள்ளும், மொறுமொறுவென்று காயவிட்டுத் தேய்த்தால்தான் பொருபொருவென்று உதிரும். மலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த வேலை இது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவளும் அவள் மகளும் ஆளுக்கொரு கம்பி பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

என் அடுப்படி ஜன்னலில் இருந்து பார்த்தால் அவள் முற்றம் தெரியும். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பரட் பரட் என்று சத்தம். பாசி உதிர்ந்து, அதற்குக் கீழே ஷீட்டு புதுசு மாதிரி வெளுத்து வந்தது. வெயிலில் அவர்கள் இரண்டு பேரைச் சுற்றியும் மெல்லிசாகப் புகை மாதிரி எழும்பி நின்றது. அந்தப் பிள்ளை வாயால் ஊதி ஊதித் தூளைத் தள்ளியது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கத்து கத்தினால் கேட்கிற தூரம். ஓடினால் இரண்டு நிமிஷம். இப்போது போய்ச் சொன்னால், 'அப்ப ஏன்க்கா குடுத்தீங்க?' என்று கேட்பாள். பால் பொங்கியது. அடுப்பை அணைத்தேன். ஜன்னலையும் சாத்திவிட்டேன். அந்தத் தூசி என் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்று சாத்தினேன். இதை எழுதும்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஞாயிறும் தேய்த்தார்கள். திங்கட்கிழமை கூரை ஏறியது. அந்த வாரமே பால் காய்ச்சினாள். எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டு, எனக்குப் பாய் விரித்து உட்கார வைத்து, முதல் டம்ளர் பாலை என் கையில் கொடுத்தாள். "சிலோன்ல எங்க லயத்து வீட்டுக்குக்கூட இப்படி ஒரு கூரை கெடையாதுக்கா. தகரம் துருப்புடிச்சுப் பொத்தலா இருக்கும். எங்கம்மா இருந்து இதப் பாக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் என்னைப் புண்ணியவதி என்றார்கள். நான் பாலைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நாலு வருஷம். மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. அவள் மகளுக்குச் சளி பிடித்தால் என் வீட்டிலிருந்து மருந்து போகும், முட்டை போகும். அந்தப் பிள்ளை ஒரு தும்மல் போட்டால்கூட எத்தனை நாளாக என்று கேட்பேன். "அக்காவுக்கு எம்மக மேல தனிப் பிரியம்" என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஐப்பசியில் பெருங்காற்று அடித்து, அவள் வீட்டின்மேல் தைலமரக் கிளை முறிந்து விழுந்தது. மறுநாள் பார்க்கப் போனேன். தூரத்திலேயே டொக்கு டொக்கு என்று இடிக்கிற சத்தம். மழைக்கு அரிசி இடித்து ஏதோ பலகாரம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அவள் உரலில் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். உரலுக்குள் உடைந்த ஷீட்டுத் துண்டுகள். அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மாவுச் சல்லடையில் அந்தத் தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள். இமை, புருவம், தாவணி எல்லாம் சாம்பல் நிறம்.

"என்னத்தா பண்ற?" என்றேன்.

"ரெண்டு ஷீட்டு விரிஞ்சுபோச்சுக்கா. ஒட்டுப் போடத்தான். சிமெண்டோட இந்தத் தூளயும் சேத்துக் கொழச்சுப் பூசினா இறுகிப் புடிச்சிக்குமாம். கொழுந்தன் வீட்டுல இப்படித்தான் பூசுனாங்க."

"நிறுத்துடி! அந்தச் சல்லடையக் கீழ வைக்கச் சொல்லு அவள!"

நான் போட்ட சத்தத்தில் அந்தப் பிள்ளை சல்லடையைத் தவறவிட்டாள். தூள் எழும்பியது. பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து வாசலில் நிறுத்தினேன். பிறகு சொன்னேன், எல்லாவற்றையும். நாலு வருஷம் அடக்கி வைத்தது ஒரே மூச்சில் வந்தது. தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் சொன்னேன். அவள் உலக்கையைப் பிடித்தபடி நின்று கேட்டாள்.

நான் முடித்ததும், "இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

'போன வாரந்தான்' என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பவே தெரியும். ஷீட்ட எறக்குறதுக்கு முன்னாடியே."

"அதனாலதான் பாப்பாவ கீழ அனுப்பி வச்சீங்களா?"

"ஆமா."

அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்க்கா. பொய் சொல்லல. அந்த மழைக்கு எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு? ஆனா எம்புள்ளைய எங்கிட்டாச்சும் அனுப்பி வச்சிட்டு நான் மட்டும் தேச்சிருப்பேன்ல? தண்ணிய ஊத்தி நனைச்சிட்டுத் தேச்சிருப்பேன்ல? ஒரு வார்த்தைக்கா. ஒரே ஒரு வார்த்தை. ஊரு சேதியெல்லாம் எங்கிட்ட வந்து சொல்லுவீங்களேக்கா."

அழுதுவிட்டாள். நானும் அழுதேன். என் அழுகையை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. மகளை வாசலில் கல்லின்மேல் உட்கார வைத்து, குடத்துத் தண்ணீரைத் தலையோடு ஊற்றத் தொடங்கினாள். ஐப்பசிக் குளிர். "குளுருதும்மா, போதும்மா" என்று அந்தப் பிள்ளை நடுங்கியது. அவள் கேட்கவில்லை. தலை, காது, கழுத்து, விரலிடுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒரு குடம் தீர்ந்து இன்னொரு குடம் எடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் மேலேறி வந்துவிட்டேன்.

ஒரு வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். என்றைக்கும் ஏதாவது கிண்டல் பண்ணுகிற மனுஷன் அன்றைக்கு உடனே, "தகரம் வாங்கித் தந்துருவோம்" என்றார். பாய் கடையில் சொல்லிவிட்டு நானே இறங்கிப்போனேன். அவள் வாசலில் பூண்டின் காய்ந்த தண்டைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கோபம் எதுவும் தெரியவில்லை.

"நாளைக்கு வண்டி வருதுத்தா. கூரை முழுக்கத் தகரம் போட்டுருவோம். எங்க செலவு. பழச நனைச்சு எறக்கி, ஒழுங்காப் பொதைச்சிருவோம். நானே கூட நின்னு பாத்துக்கிறேன்."

"வேணாம்க்கா."

"ஏத்தா, என் மேல இருக்கிற கோவத்துல புள்ளைய இதுக்குக் கீழ படுக்க வைக்காத."

"கோவமெல்லாம் இல்லக்கா. அவரு சொசைட்டியில லோன் கேட்டுருக்காரு, நாங்களே போட்டுக்குவோம். நீங்க குடுத்து நான் வாங்குனா, இனிமே எதக் குடுத்தாலும் இதுல என்ன இருக்கோன்னு தோணும். பால் குடுத்தாலும் தோணும். ஒங்க முன்னாடி அப்படி நெனச்சுக்கிட்டு நிக்க எனக்கு இஷ்டமில்ல."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பூண்டைக் கிள்ளிக்கொண்டே, குளிருகிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். சொன்ன மாதிரியே மாசிக்குள் அவர்களாகத் தகரம் போட்டார்கள். பழைய ஷீட்டை எப்படி இறக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் போய்க் கேட்டிருக்கிறாள், என்னிடம் கேட்கவில்லை.

இன்றும் பூண்டு சீசனுக்கு வருகிறாள். கூலியை வாங்கிக்கொள்கிறாள். பேசுகிறாள், சிரிக்கிறாள். என் வீட்டு டீயை மட்டும் குடிப்பதில்லை, வரும்போதே குடித்துவிட்டதாகச் சொல்லிவிடுவாள்.

அவள் மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். திண்டுக்கல்லில் இருக்கிறாள். ஊருக்கு வந்தால் பெரியம்மா என்று என்னைப் பார்க்க வராமல் போகமாட்டாள். "நல்லாருக்கியா?" என்பேன். "நல்லாருக்கேன் பெரியம்மா" என்பாள். இடுப்பில் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படிகளில் ஏறி ரோட்டுக்குப் போவாள். செங்குத்தான நாற்பது படி. அவள் மேலே போய்ச் சேரும்வரை நான் வாசலில் நின்று, எந்தப் படியிலாவது மூச்சு வாங்க நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.